மருத்துவரின் வாயைக் கட்டாதீர்கள்

அமெரிக்க சுகாதாரத் துறையின் இணையதளத்திலிருந்து 2025 மார்ச் மாதத்தில் ஓர் ஆவணத்தை எடுத்துவிட்டார்கள். அந்நாட்டின் சர்ஜன் ஜெனரலாக இருந்த டாக்டர் விவேக் மூர்த்தி 2024 ஜூன் 25 அன்று வெளியிட்ட அறிவுறுத்தல் அது. துப்பாக்கி வன்முறை ஒரு பொதுச் சுகாதார நெருக்கடி என்று அது அறிவித்தது. நாட்டின் முதன்மை மருத்துவர் என்று மக்கள் கருதும் அந்தப் பதவியிலிருந்து துப்பாக்கிச் சாவுகளைப் பற்றி வந்த முதல் அறிவுறுத்தலும் அதுவே. ஏன் நீக்கினீர்கள் என்று செய்தியாளர்கள் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைக் காக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் பிறப்பித்த ஆணைக்கு இணங்கிச் செய்ததாகத் துறை பதில் சொன்னது.

இந்தச் செயலை வன்மையாகக் கண்டிக்கிறோம். அந்த அறிவுறுத்தலில் சட்டப் பரிந்துரைகள் சில இருந்தன, உண்மைதான். அவற்றை ஏற்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். அறிவுறுத்தலுக்குச் சட்ட வலு எதுவும் கிடையாது. அதைக் காட்டி ஒருவருடைய துப்பாக்கியையும் யாரும் பறிமுதல் செய்ய முடியாது. அதன் பெரும்பகுதி சாவுக் கணக்கும் காயக் கணக்கும், அவற்றைக் குறைக்க மருத்துவமனைகளும் பள்ளிகளும் குடும்பங்களும் செய்யக்கூடிய காரியங்களுமே. எத்தனை பேர் சாகிறார்கள், எப்படிச் சாகிறார்கள், எப்படித் தடுக்கலாம் என்று மருத்துவர் சொல்வதை ஓர் உரிமை தாங்கிக்கொள்ளாது என்று வாதிடுவோர், அந்த உரிமையையே சிறுமைப்படுத்துகிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். நாளொன்றுக்கு 128 பேர். பள்ளிகளிலும் கடைத்தெருக்களிலும் நடக்கும் கூட்டக்கொலைகள்தான் நம் செய்தித்தாள்களில் வருகின்றன. அதனால் இந்தச் சாவுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. அந்த 46,728 பேரில் 27,300 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கொலையுண்டவர்கள் 17,927 பேர். கூட்டக்கொலைகளில் இறந்தவர்கள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கே. 2020 முதல் அந்நாட்டில் குழந்தைகளையும் பதின்வயதினரையும் கொல்லும் காரணங்களில் துப்பாக்கியே முதலிடத்தில் நிற்கிறது. சாலை விபத்தையும் புற்றுநோயையும் அது பின்னுக்குத் தள்ளிவிட்டது.

பத்தில் ஏறத்தாழ ஆறு சாவு தற்கொலை என்னும்போது, இதில் மருத்துவருக்கு என்ன வேலை என்ற கேள்விக்கே இடமில்லை. தற்கொலை எண்ணம் பலருக்கு ஒரு கடும் அலையைப் போல வந்து போவது. உயிர் பிழைத்தவர்களிடம் பின்னர் பேசிப் பார்த்த ஆய்வுகளில், முடிவெடுத்ததற்கும் முயன்றதற்கும் இடையே சில நிமிடங்களே இருந்தன என்று கணிசமானோர் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சில நிமிடங்களில் கைக்கு எட்டுவது எது என்பதே உயிரை முடிவு செய்கிறது. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை இறந்துபோகிறார்கள். ஒரு முயற்சியில் பிழைத்தவர்களிலோ பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் சாவதில்லை. பிழைத்தவர்கள் பெரும்பாலும் வாழ்ந்துவிடுகிறார்கள். துப்பாக்கி அந்த இரண்டாவது வாய்ப்பைக் கொடுப்பதில்லை.

கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரின் பதிவுகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்து 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் அபாயம், வைத்திராத ஆண்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. துப்பாக்கி இல்லாவிட்டால் வேறு வழியைத் தேடிக்கொள்வார்கள் என்று சொல்லிக் கைகழுவுவோர், இந்த எண்களுக்கு முன் நின்று பேச வேண்டும்.

அப்படிப் பேசுவோருக்கு இலங்கையை நினைவூட்டுவது நம் கடமை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்தத் தீவின் வயல்வெளிக் கிராமங்களில் வீட்டுக்குள் இருந்த பூச்சிமருந்துப் போத்தல் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதை அங்குள்ள தமிழ் மக்களும் சிங்கள மக்களும் நன்கறிவார்கள். 1995-இல் அங்கே லட்சம் பேருக்கு 57 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. அந்த ஆண்டில் தொடங்கி, மிகக் கொடிய நச்சு கொண்ட மருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அனுராதபுரம், பொலன்னறுவை மருத்துவமனைகளில் டாக்டர்கள் கட்டில் கட்டிலாகப் பதிவு எடுத்தார்கள். எந்த மருந்தைக் குடித்தவர் பிழைத்தார், எதைக் குடித்தவர் பிழைக்கவில்லை என்ற அந்தப் பட்டியலைக் கொண்டு 2008 முதல் 2011 வரை பராக்குவாட், டைமெத்தோயேட், பென்தியோன் ஆகியவையும் விலக்கப்பட்டன. 2015-இல் விகிதம் லட்சத்துக்கு 17 ஆக இறங்கியிருந்தது. தடைகளால் விளைச்சல் குறையவும் இல்லை. அந்த இருபது ஆண்டுகளில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். வறுமையும் துயரமும் அந்த நாட்டை விட்டுப் போய்விடவில்லை. கைக்கெட்டும் தூரத்திலிருந்த சாவு மட்டும் தள்ளி வைக்கப்பட்டது. மருத்துவர்கள் எண்ணியதாலும், எண்ணியதைச் சொன்னதாலும், சொன்னதை அரசு காதுகொடுத்துக் கேட்டதாலும் நடந்த காரியம் இது.

அமெரிக்க மருத்துவர்கள் இந்த அளவுக்குக்கூடக் கேட்கவில்லை. துப்பாக்கியைத் தடை செய் என்பது அவர்களில் பலருடைய கோரிக்கையே அல்ல. பூட்டி வையுங்கள் என்கிறார்கள், அவ்வளவுதான்.

குழந்தைகள் நல மருத்துவரின் அறையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளையைத் தாய் வழக்கமான பரிசோதனைக்குக் கொண்டுவருகிறார். எடை, உயரம், தலைச் சுற்றளவு, தடுப்பூசி. பிறகு வீட்டைப் பற்றிய கேள்விகள். காரில் குழந்தை இருக்கை இருக்கிறதா? நீச்சல் குளத்தைச் சுற்றி வேலி போட்டிருக்கிறீர்களா? மாத்திரை டப்பாக்கள் உயரத்தில் இருக்கின்றனவா? இதே வரிசையில், இதே தொனியில் இன்னொரு கேள்வி: வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டி வைத்திருக்கிறீர்களா, தோட்டா வேறு இடத்தில்தானே இருக்கிறது? ஆமாம் என்றால் நல்லது என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இல்லையென்றால் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பூட்டை எடுத்துக் கொடுப்பார். பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பி, முனையில் சிறிய பூட்டு. தோட்டா போகும் வழியில் கம்பியை நுழைத்துப் பூட்டிவிட்டால் துப்பாக்கியில் தோட்டாவை ஏற்ற முடியாது. விலை மிகக் குறைவு. முன்னாள் படைவீரர் நலத் துறை தன் மருத்துவமனைகளில் இதை இலவசமாகவே கொடுக்கிறது. முழுப் பேச்சும் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது.

இந்த இரண்டு நிமிடம் பலன் தருகிறதா? தருகிறது. வெறுமனே பேசியதோடு நிற்காமல் பூட்டையும் கையில் கொடுத்து அனுப்பிய மருத்துவர்களிடம் வந்த குடும்பங்களில், துப்பாக்கியைப் பூட்டும் பழக்கம் கூடியதை 2008-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. துப்பாக்கியைப் பூட்டி, தோட்டா இல்லாமல், தோட்டாவைத் தனியே பூட்டி வைக்கும் வீடுகளில் பிள்ளைகள் தற்கொலையாலும் விபத்தாலும் சுடப்படுவது குறைவு என்பதும் 2005-லேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் பூட்டாத, தோட்டா நிரப்பிய துப்பாக்கி இருக்கும் வீட்டில் சுமார் 46 லட்சம் அமெரிக்கக் குழந்தைகள் வளர்கிறார்கள் என்று 2015-இல் எடுத்த கணக்கெடுப்பு சொன்னது.

மருத்துவர் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாதென்று சட்டமே போட்டது புளோரிடா மாநிலம். துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்ட குழந்தைகள் நல மருத்துவரிடம் பதில் சொல்ல ஒரு தாய் மறுத்து, அது தகராறாகி, 2011-இல் மாநிலச் சட்டமன்றம் வரை போய் நின்றது. தேவையின்றித் துப்பாக்கி பற்றிக் கேட்கும் மருத்துவருக்கு 10,000 டாலர் வரை அபராதம், உரிமம் பறிபோகும் அபாயம். ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்டார். மருத்துவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2017 பிப்ரவரியில்தான் பதினோராவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை ரத்து செய்தது. மருத்துவர் கேள்வி கேட்பதால் நோயாளியின் துப்பாக்கி உரிமை எள்ளளவும் குறையவில்லை, மருத்துவரின் பேச்சுரிமைதான் பறிக்கப்பட்டது என்பதே தீர்ப்பின் சாரம். பதில் சொல்ல விருப்பமில்லாத நோயாளி சொல்லாமல் இருக்கலாம். இந்தச் சாதாரண உண்மை நிலைநாட்டப்பட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின.

ஆராய்ச்சிக்கு இதைவிட நீண்ட சிறை. வீட்டில் துப்பாக்கி இருப்பது அங்கே வசிப்பவர் கொலையுண்ணும் அபாயத்தை 2.7 மடங்காக்குகிறது என்று டாக்டர் ஆர்தர் கெல்லர்மனும் உடன் பணியாற்றியவர்களும் 1993-இல் எழுதினார்கள். அவர்களுக்குப் பணம் கொடுத்தது அட்லாண்டாவில் உள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம், அதாவது சி.டி.சி. அதைப் பொறுக்க முடியாத, துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் தேசிய ரைஃபிள் சங்கம், சி.டி.சி.யின் காயத் தடுப்பு மையத்தையே மூடச் சொல்லி நாடாளுமன்றத்தை நெருக்கியது. 1996-இல் ஆர்கன்சாஸ் உறுப்பினர் ஜே டிக்கியின் பெயரால் ஒரு வாசகம் நிதிச் சட்டத்தில் புகுந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு தேட அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்பதே அதன் பொருள். ஆராய்ச்சி கூடாது என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் அந்த மையம் முந்தைய ஆண்டில் துப்பாக்கி ஆய்வுக்குச் செலவிட்ட அதே 26 லட்சம் டாலரைக் காசு பிசகாமல் வெட்டினார்கள். அதிகாரிகளுக்குப் புரிந்துவிட்டது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு அந்தப் பக்கமே அவர்கள் தலைவைத்துப் படுக்கவில்லை.

அதன் விளைவை 2017-இல் இருவர் கணக்கிட்டார்கள். ஒரு நோய் எத்தனை உயிரைக் குடிக்கிறதோ அதற்கேற்ப அரசு அதன் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொண்டால், 2004 முதல் 2015 வரை துப்பாக்கி வன்முறைக்குக் கிடைத்தது, கிடைத்திருக்க வேண்டிய தொகையில் 1.6 சதவீதம். அந்த வறண்ட ஆண்டுகளில் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் அவசர சிகிச்சை மருத்துவரான கேரன் வின்டமியூட் தன் சொந்தப் பணத்திலிருந்து பத்து லட்சம் டாலருக்கும் மேல் போட்டு ஆய்வைத் தொடர்ந்தார். ஒரு வல்லரசு செய்ய வேண்டியதை ஒரு மருத்துவர் தன் சேமிப்பிலிருந்து செய்தார் என்பது அவருக்குப் பெருமை. அந்த அரசுக்கு அழியாத அவமானம்.

டிக்கியே பின்னர் மனம் மாறினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2012-இல் கொலராடோவின் அரோரா திரையரங்கில் 12 பேர் கொல்லப்பட்ட பிறகு, ஒரு காலத்தில் எதிரெதிரே நின்ற சி.டி.சி. அதிகாரி மார்க் ரோசன்பெர்க்கும் அவரும் சேர்ந்து, துப்பாக்கிக் காயங்களைத் தடுக்க அறிவியல் ஆராய்ச்சி வேண்டும் என்று வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதினார்கள். அதற்குப் பிறகும் ஏழு ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பரில்தான் சி.டி.சி.க்கும் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கும் சேர்த்து 2.5 கோடி டாலரை நாடாளுமன்றம் ஒதுக்கியது.

விவேக் மூர்த்தியின் கதையும் இதே பாடம்தான். துப்பாக்கி ஒரு சுகாதாரப் பிரச்சினை என்று அவர் 2012-இல் ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். 2013 நவம்பரில் சர்ஜன் ஜெனரல் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ரைஃபிள் சங்கம் எதிர்த்தது. எபோலா பீதி நாட்டையே ஆட்டிய மாதங்களிலும் அந்த நாற்காலி நிரந்தர ஆளின்றிக் கிடந்தது. 2014 டிசம்பரில் 51-க்கு 43 என்ற வாக்குக் கணக்கில்தான் அவர் உள்ளே வர முடிந்தது.

2018 நவம்பர் 7 அன்று அதே சங்கம், துப்பாக்கியை எதிர்க்கும் மருத்துவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கிப் போகட்டும் என்ற பொருளில் பதிவிட்டது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற பெரிய அமைப்பு துப்பாக்கிச் சாவுகளைக் குறைக்க வெளியிட்ட பரிந்துரைகளுக்கான பதில் அது. அன்றிரவே கலிபோர்னியாவின் தவுசண்ட் ஓக்ஸ் மதுக்கூடத்தில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடு முழுவதும் அறுவை சிகிச்சை நிபுணர்களும் செவிலியர்களும் பிரேதப் பரிசோதகர்களும் இரத்தம் தோய்ந்த அங்கிகளையும் காலணிகளையும் படமெடுத்துப் போட்டு, இதுதான் எங்கள் வேலை என்று பதிலடி கொடுத்தார்கள். அவர்களை முன்னின்று திரட்டியவர்களில் ஒருவர் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் விபத்துக் காய அறுவை நிபுணரான ஜோசப் சாக்ரன். 1994-இல் 17 வயதில் யாரோ சுட்ட தோட்டா அவருடைய தொண்டையைத் துளைத்தது. தன்னைக் காப்பாற்றியவர்களைப் பார்த்து அதே துறைக்கு வந்தவர் அவர். அதே 2018 நவம்பர் 19 அன்று சிகாகோ மருத்துவமனை ஒன்றின் வாசலில் அவசர சிகிச்சைப் பிரிவின் பெண் மருத்துவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

டெக்சஸின் யுவால்டி ஊரில் 2022 மே 24 அன்று தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். அந்த ஊரின் குழந்தைகள் நல மருத்துவர் ராய் குரேரோ இரண்டு வாரம் கழித்து நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். தோட்டாக்கள் சிதைத்துப்போட்ட இரண்டு குழந்தைகளை, அவர்கள் அணிந்திருந்த இரத்தம் தோய்ந்த கார்ட்டூன் படச் சட்டைகளைக் கொண்டுதான் அடையாளம் காண முடிந்தது என்றார். இதைப் பார்த்த கண்களுக்குச் சொந்தக்காரரிடம்தான் இது உங்கள் வேலை இல்லை என்கிறார்கள்.

இத்தனை ஆண்டு போராடி மீட்ட கொஞ்சநஞ்ச இடத்தையும் 2025 பறித்துக்கொண்டது. டிரம்ப் பதவியேற்ற கையோடு வெள்ளை மாளிகையின் துப்பாக்கி வன்முறைத் தடுப்பு அலுவலகம் மூடப்பட்டது. மார்ச்சில் அறிவுறுத்தல் போனது. ஏப்ரல் முதல் நாள் சுகாதாரத் துறையில் ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றியபோது, சி.டி.சி.யின் காயத் தடுப்பு மையம் பலத்த அடி வாங்கியது. வன்முறைத் தடுப்புப் பிரிவினர் போனார்கள். நாட்டின் காயங்களையும் சாவுகளையும் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி தரவுத்தளமாகப் பராமரித்தவர்களும் போனார்கள். 2026 நிதியாண்டுக்கு வெள்ளை மாளிகை முன்வைத்த வரவு செலவுத் திட்டம் அந்த மையத்தையே ஒழிக்கச் சொன்னது. இறந்தவர்களை எண்ணுவோர் இல்லாவிட்டால் எது பலன் தந்தது, எது தரவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. நாளை ஒரு நல்ல சட்டம் வந்தாலும் அது நல்லதென்று நிரூபிக்க வழியிருக்காது. ஒரு மோசமான சட்டத்தால் பிள்ளைகள் செத்தாலும் அது வெளியே தெரியாது.

2025 ஆகஸ்ட் 8 அன்று அட்லாண்டாவில் சி.டி.சி. தலைமையகத்தை நோக்கியே ஒருவன் ஐந்நூறு முறைக்கு மேல் சுட்டான். கோவிட் தடுப்பூசி மேல் அவனுக்கு வெறுப்பு. காவல் அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பிறகு அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். சில வாரங்களுக்கு முன்பே தற்கொலை எண்ணத்தை அவன் வெளிப்படுத்தியது போலீசுக்குத் தெரியும். அவன் பயன்படுத்தியவை தந்தையின் துப்பாக்கிகள். பெட்டகத்தை உடைத்து எடுத்திருந்தான். வீட்டில் ஒருவர் இப்படித் தத்தளிக்கும் வேளையில் பூட்டு மட்டும் போதாது, சில வாரங்களுக்கு ஆயுதத்தை வீட்டைவிட்டே அப்புறப்படுத்தி நம்பிக்கையான இடத்தில் வையுங்கள் என்பதுதான் தற்கொலைத் தடுப்பு மருத்துவர்கள் குடும்பங்களுக்குச் சொல்லும் ஆலோசனை. இந்த ஆலோசனை ஒவ்வொரு வீட்டையும் எட்டச் செய்ய வேண்டிய நிறுவனத்தின் சன்னல்களையே தோட்டாக்கள் துளைத்தன. அதற்குப் பிறகும் அறிவுறுத்தலைத் திரும்ப வைக்க வேண்டும் என்று அரசுக்குத் தோன்றவில்லை.

துப்பாக்கி கொல்வதில்லை, மனநோய்தான் கொல்கிறது என்பது ஆட்சியாளர்கள் கூசாமல் சொல்லும் மறுமொழி. மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. அவர்கள்மேல் பழி போடுவது அநியாயம். அதை விடுவோம். இவர்கள் தங்கள் வாதத்தை நம்பினால் மனநல சிகிச்சைக்கு வாரி வழங்கியிருக்க வேண்டுமே? யுவால்டிக்குப் பிறகு இரு கட்சியும் சேர்ந்து இயற்றிய சட்டத்தின் கீழ் பள்ளிகளில் மனநல ஆலோசகர்களை அமர்த்த ஒதுக்கிய சுமார் நூறு கோடி டாலரை நிறுத்துவதாக 2025 ஏப்ரலில் அறிவித்ததும் இதே அரசுதான். துப்பாக்கியைப் பற்றியும் பேசக் கூடாது, மனத்தைப் பற்றியும் பணம் தர முடியாது என்றால் செத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இவர்கள் சொல்லும் வழிதான் என்ன?

அரசைக் கண்டிக்கும் அதே கடுமையோடு மருத்துவ உலகத்தையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. புளோரிடா சட்டம் போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. அமெரிக்காவின் எந்த மூலையிலும் இன்று ஒரு மருத்துவர் இந்தக் கேள்வியைக் கேட்கத் தடை இல்லை. ஆனாலும் பெரும்பாலான பெற்றோரிடம் எந்த மருத்துவரும் கேட்டதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நேரமில்லை என்கிறார்கள். நோயாளி கோபித்துக்கொள்வார் என்கிறார்கள். துப்பாக்கியைப் பற்றித் தங்களுக்கே ஒன்றும் தெரியாது என்கிறார்கள். கடைசிக் காரணம் உண்மையாக இருக்கலாம். அதற்குப் பொறுப்பு மருத்துவக் கல்லூரிகள். ஆண்டுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் உயிர் குடிக்கும் ஒன்றைப் பற்றிப் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம் கிடைப்பதே அரிது என்றால் அந்தப் பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டும்.

மிச்சிகனிலும் கொலராடோவிலும் குழந்தைகள் நல மருத்துவ நிலையங்களில் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வு மற்றக் காரணங்களுக்கு விடை சொல்லிவிட்டது. கணினியில் நோயாளியின் பதிவைத் திறந்ததும் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிப் பேசினீர்களா என்று நினைவூட்டும் ஒரு கட்டம் மட்டும் வைத்த இடங்களில் நூற்றுக்கு 22 வருகைகளில் மருத்துவர்கள் பேசி, பூட்டும் தர முன்வந்தார்கள். அந்தக் கட்டத்தோடு, மருத்துவர்களுக்கு ஓராண்டு பக்கத்துணையாக ஆள் நின்று உதவிய இடங்களில் அது 49 ஆனது. மனமும் சிறிது ஏற்பாடும் இருந்தால் முடிகிறது. நிர்வாகங்கள் அந்த ஆளை அமர்த்தாமல் இருப்பதற்குச் செலவைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை. தோட்டா பாய்ந்த ஒருவரைக் காப்பாற்றும் ஓர் அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவின் முன் அது எம்மாத்திரம்?

கேட்கும் விதமும் முக்கியம். துப்பாக்கி வைத்திருப்பவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் மருத்துவரிடம் அவர் வாய் திறக்க மாட்டார். அமெரிக்கக் கிராமங்களில் வேட்டையும் துப்பாக்கியும் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் வாழ்க்கைமுறை. நியூ ஹாம்ப்ஷயரில் துப்பாக்கிக் கடைக்காரர்களும் சுகாதார ஆய்வாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து, மனமுடைந்து நிற்கும் வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது, அன்று விற்காமல் எப்படித் தவிர்ப்பது என்று வழிமுறை வகுத்தார்கள். அந்த முயற்சி வேறு மாநிலங்களுக்கும் பரவியது. துப்பாக்கிக் கடைக்காரரே பேசத் தயாராக இருக்கும் ஒன்றைப் பேச மருத்துவர் தயங்குவது எந்த வகையிலும் ஏற்கத் தக்கதல்ல.

அந்நாட்டில் மருத்துவர்களாகப் பணிபுரியும் தமிழர்கள் ஏராளம். பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் அதைவிட அதிகம். நம் வீட்டில் துப்பாக்கி இல்லை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பிள்ளை விளையாடப் போகும் நண்பன் வீட்டில் இருக்கலாம். உணவு ஒவ்வாமை பற்றிச் சொல்லி அனுப்பும் அம்மா, அந்த வீட்டில் துப்பாக்கி பூட்டியிருக்கிறதா என்றும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கப் பெற்றோரைப் பழக்குவதற்கென்றே அங்குள்ள குழந்தைகள் நல மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பிரச்சாரம் செய்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியவை தெளிவானவை. 2024 ஜூன் அறிவுறுத்தலை ஓர் எழுத்தும் மாற்றாமல் சுகாதாரத் துறையின் இணையதளத்தில் திரும்ப வைக்க வேண்டும். அதில் உடன்பாடு இல்லாவிட்டால் தன் மறுப்பை அரசு பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். மக்கள் இரண்டையும் படித்துக்கொள்வார்கள். காயத் தடுப்பு மையத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களைத் திரும்ப அழைத்து, தரவுத்தளத்தை இடைவெளி விழாமல் நடத்த வேண்டும். அந்த மையத்தை மூடும் யோசனையை நாடாளுமன்றம் எந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வந்தாலும் நிராகரித்து, துப்பாக்கிக் காய ஆராய்ச்சிக்கான நிதியைச் சாவுக் கணக்குக்குத் தக்கபடி உயர்த்த வேண்டும். டிக்கி வாசகத்தை இன்னும் வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அதை எழுதியவரே அதன் விளைவுக்கு எதிராகப் பேசிவிட்டார். மருத்துவச் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றியதோடு நின்றுவிடாமல், தம் உறுப்பினர்களில் எத்தனை பேர் நோயாளிகளிடம் கேட்கிறார்கள் என்று ஆண்டுதோறும் எண்ணி வெளியிட வேண்டும். இந்திய வம்சாவளி மருத்துவர்களின் அமைப்புகளும் இதில் முன்வரிசையில் நிற்க வேண்டும். மருத்துவமனை நிர்வாகங்கள் ஒவ்வொரு குழந்தைகள் நலப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் அந்தக் கம்பிப் பூட்டுகளை வாங்கி இருப்பு வைக்க வேண்டும். இதற்கு அரசின் அனுமதி எதுவும் தேவையில்லை; அடுத்த வாரமே தொடங்கலாம்.